நம்பிக்கைக்குப் பயந்த மாதங்கள்

இதை எழுதும்போது நான் முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. எழுத முடிகிற அளவுக்கு இருக்கிறேன். போன வாரம் என்னிடம் கார் ஓட்டப் பழகும் ஒரு பெண், பாடம் முடிந்து வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, உங்களுக்கும் இந்த மாதிரி வந்துச்சுன்னு சொன்னாங்க. எப்படியிருந்துச்சு? போயிருமாக்கா?" என்று கேட்டாள். காருக்குள் வைத்துச் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. திண்டுக்கல்லில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். சொந்த வண்டி. என் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கல்யாணம் ஆகவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் அந்தப் பேச்சு தள்ளிப்போனது. அவர் இறந்த பிறகு யாரும் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் தனியாக இருக்கிறேன். தம்பி அந்தோணி வடமதுரையில் உரக்கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி செல்வி, இரண்டு பிள்ளைகள். எனக்கென்று இருப்பவர்கள் அவர்கள்தான்.

முதல் தடவை அது வந்தது நத்தம் ரோட்டில், சிறுமலைக்குப் பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். காலை நேரம், வெயில் இல்லை, எதிரே வண்டியும் அதிகமில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் அம்மா, நன்றாகவே ஓட்டினார். திடீரென்று என் நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைவதுபோல் இருந்தது. கை விரல்கள் மரத்துப்போயின. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"ஓரங்கட்டுங்க," என்றேன்.

"என்ன மேடம், தப்பாப் போயிட்டேனா?" என்று அவர் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வண்டியைத் திருப்பி, ஒரு தடவைகூட நிறுத்தாமல், மருத்துவமனை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் நகரத்துக்குள் ஓட்டியது அதுதான் முதல் தடவை.

ஈசிஜி எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். அதற்குள் படபடப்பு தானாகவே அடங்கிவிட்டது. பணியில் இருந்த இளம் டாக்டர், "ஹார்ட் நல்லாருக்கு, வீட்டுக்குப் போலாம்," என்று சிரித்தபடி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லாயிருக்கும் இதயம் ஏன் அப்படிச் செய்தது?

அடுத்த வாரமே இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை மாதா கோவிலில், பூசை நடந்துகொண்டிருந்தபோது. ஒரு தடவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது. அதன் பிறகு டெஸ்டுகள் தொடங்கின. எக்கோ என்றால் ஒலி அலைகளை அனுப்பி இதயம் விரிந்து சுருங்குவதைத் திரையில் பார்ப்பது. ட்ரெட்மில் என்றால் ஓடும் பட்டையில் நம்மை நடக்கவிட்டு, இதயம் அந்தச் சிரமத்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பது. தைராய்டு பார்த்தார்கள், தலைக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். ஒவ்வொரு காத்திருப்பு அறையிலும் எல்லோரும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஏதாவது இருக்க வேண்டும் என்று வேண்டினேன். ஒரு பெயர், ஓர் அடைப்பு, அறுத்து எடுக்கக்கூடிய ஒரு கட்டி. எல்லாமே நார்மல் என்று வந்தது. ரிப்போர்ட்டை வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் "கடவுள் கிருபை" என்பார்கள். எனக்கு அழுகை வரும்.

கடைசியில் இதய டாக்டரே, "மனநல டாக்டரைப் பாருங்க," என்று தணிந்த குரலில் சொன்னார். அப்படித் தணித்துச் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மனநல டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயது குறைந்தவர். அவசரமில்லாமல் எல்லாவற்றையும் கேட்டார். எனக்கு வந்தது பீதித் தாக்குதல் என்றார். ஆபத்து வரும்போது உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகும் அல்லவா, அந்த ஏற்பாடு ஆபத்தே இல்லாதபோதும் முழு வேகத்தில் கிளம்பிவிடுவது. அது மறுபடி வருமோ என்று ஓயாமல் காத்திருப்பதுதான் பதற்ற நோய். அதோடு மனச்சோர்வும் இருக்கிறது என்றார்.

"எனக்குச் சோகமே இல்லையே டாக்டர்," என்றேன்.

"கடைசியா எப்ப பசிச்சு சாப்பிட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடனே வேலை செய்யாது, சில வாரங்கள் ஆகும், முதலில் குமட்டலும் படபடப்பும் கொஞ்சம் கூடலாம், நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொன்னார். வீட்டுக்கு வரும்போது எனக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது. பெயர் கிடைத்துவிட்டது, மருந்தும் கிடைத்துவிட்டது.

அந்த நம்பிக்கைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தினமும் காலையில் கண் திறந்ததும், போய்விட்டதா என்று பார்ப்பேன். நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். மூச்சை இழுத்துப் பார்ப்பேன். தேடினால் எங்காவது ஒரு துடிப்பு தப்பாகத் தெரியாமல் இருக்குமா? அது தெரிந்ததும் அன்றைய நாள் அவ்வளவுதான். ஒரு நாள் நன்றாக இருந்தால் இன்னும் மோசம். நாளைக்கும் இப்படியே இருக்க வேண்டுமே என்ற கவலையில் அந்த நல்ல நாளையும் இழப்பேன். என் நம்பிக்கையும் என் பயமும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன என்பது இப்போது புரிகிறது. இரண்டும் நாளையையே பார்த்தன.

எங்கள் தெரு ஜெபக் கூட்டத்துப் பெண்கள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஜெபமாலை சொன்னார்கள். போகும்போது அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்பிக்கையோட இரு ஜெசிந்தா. நம்பிக்கையில்லாம கேட்டா கெடைக்காது," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவர்கள் படியிறங்கிப் போன பிறகு நான் நினைத்தது இதுதான்: அப்படியென்றால் எனக்குக் குணமாகாததும் என் தப்புதான்.

பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். போன் செய்தவர்களிடம் வண்டி ரிப்பேர் என்றேன். பிறகு அவர்களும் கூப்பிடுவதை விட்டார்கள். வண்டி கீழே தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தோணி வடமதுரையிலிருந்து பைக்கில் வந்து, மாடிக்கு ஏறி வருவதற்கு முன்னால், தார்ப்பாயை விலக்கி, தன்னிடம் வைத்திருந்த சாவியால் வண்டியை ஸ்டார்ட் செய்து செத்த நேரம் ஓடவிடுவான். பேட்டரி செத்துவிடக் கூடாது என்பதற்காக. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. மேலே படுத்தபடி இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எதற்கு வீணாக என்று தோன்றும்.

ஒரு கட்டத்தில் பதற்றம் விட்டுவிட்டது. ஒரு நாள் காலையில் எழுந்து நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் பார்க்கவில்லை. படபடப்பு இல்லை. எதுவுமே இல்லை. அந்தோணிக்குச் சந்தோஷம். "அக்கா இப்ப அமைதியா இருக்கு செல்வி," என்று போனில் சொல்வது காதில் விழுந்தது. அடுத்த தடவை டாக்டரிடமும் அதையே சொன்னான்.

டாக்டர் அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். "பதட்டம் கொறஞ்சிருச்சுங்கிறாரு உங்க தம்பி. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆமா டாக்டர்."

"அடுத்த மாசம் என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

"அடுத்த மாசம்னு ஒண்ணு இருக்கற மாதிரியே எனக்குத் தெரியல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "செத்துப்போயிரலாம்னு தோணுதா?"

இப்படி நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. "சாகணும்னு இல்ல. இருக்கணும்னும் இல்ல," என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நாளாக எனக்குள் இருக்கிறது என்று தெரிந்தது.

அன்றைக்கே மருத்துவமனையில் சேர்ந்துகொள்ளச் சொன்னார். நாளைக்குக் கெட்டது நடக்கும் என்ற பயம்தான் பதற்றம். அந்தப் பயத்துக்கும் ஒரு நாளை வேண்டும். எனக்கு நாளையே இல்லாமல் போயிருந்தது, அதனால்தான் பயமும் போயிருந்தது. என் தம்பி குணம் என்று நினைத்ததை டாக்டர் ஆபத்து என்று பார்த்தார். யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை விரிவாகச் சொல்கிறேன். பதறிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எதையும் கேட்காமல், எதற்கும் பயப்படாமல், அமைதியாகிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. என்னைக் கேட்டதால்தான் நான் இருக்கிறேன்.

பெண்கள் வார்டில் துணைக்கு ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். தனியாக வாழ்கிறவளுக்கு யார் துணை? செல்விதான் வந்தாள். பிள்ளைகளை அந்தோணியிடம் விட்டுவிட்டு, ஒரு பையில் நாலு நைட்டியோடு வந்து என் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்தாள். அவளுக்கு அந்த வார்டைப் பார்த்துப் பயம். யாராவது சத்தமாகப் பேசினால் என் கட்டிலோடு ஒட்டிக்கொள்வாள். "எனக்குத் தொணையா நீ வந்தியா, ஒனக்குத் தொணையா நான் வந்தேனா?" என்று நான் கேட்டபோது, "ரெண்டும்தான் மதினி," என்றாள். சாதத்தில் குழம்பைப் பிசைந்து கொடுத்தால் நான் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தோணி கொண்டுவரும் கேரியரில் குழம்பு, பொரியல் என்று வெஞ்சனத்தைத் தனித்தனியாகக் கட்டி அனுப்பச் சொல்லிப் பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்திருந்தாள்.

சொந்தக்காரர்களிடம் அந்தோணி எனக்கு அல்சர் என்று சொல்லியிருந்தான். அவன்மேல் கோபமில்லை. நானே சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வந்தவர்கள் ஆரஞ்சுப் பழம் வேண்டாம், புளிப்பு ஆகாது, மோர் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அல்சரைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்தார்கள். என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. எவ்வளவு பேர் சுற்றி நின்றாலும் அந்த மதிய நேரங்களின் தனிமை போகவில்லை. நாலு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருக்கும். அந்த நிழல் சுவர் வரைக்கும் நகர்வதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். வேறு வேலையில்லை.

பக்கத்துக் கட்டிலில் சாந்தி இருந்தாள். சின்னாளப்பட்டிக்காரி, மெயின் ரோட்டில் ஒரு சேலைக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவளுக்கும் மனச்சோர்வுதான். நான் சேர்ந்தபோது அவள் தேறிக்கொண்டிருந்தாள். பார்வையாளர் நேரத்தில் உள்ளே வருகிற ஒவ்வொரு சேலையையும் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து சொல்வாள்.

"அந்த மஞ்ச சேல இருக்குல்லக்கா, ஒரு தண்ணிக்குத்தான் தாங்கும், அப்புறம் சாயம் போயிரும். ஏமாத்திப்புட்டாங்க பாவம்."

பல வாரங்களுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான். செல்வி எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

சாந்தி வீட்டுக்குப் போன நாளில் தலைவாரிப் பூ வைத்து, நீலநிறச் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "வாரேன்க்கா. நீங்களும் சீக்கிரம் போயிருவீங்க." அவள் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த புதிதில் அவளும் என்னைப் போலச் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாளாம். அவளுக்குக் குணமாயிற்றென்றால் எனக்கும் ஆகும். யாருக்கும் சொல்லாமல் என் நம்பிக்கை முழுவதையும் அவள்மேல் வைத்தேன்.

எனக்கும் ஆயிற்று. மருந்து பிடித்துக்கொண்டது. டாக்டரோடு வாராவாரம் பேசினேன். முதலில் நாக்கில் ருசி திரும்பியது. ஒரு நாள் மதியம் பசித்தது. அதைச் செல்வியிடம் சொன்னபோது அவள் உடனே கேரியரைத் திறந்து ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தாள். வீட்டுக்கு வந்தேன். மாதம் ஒரு தடவை போய்க் காட்டினால் போதும் என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சமைத்தேன், துணி துவைத்தேன், கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வண்டியை மட்டும் தொடவில்லை. பதற்றமும் திரும்பியிருந்தது. "அது நல்லதுதான், உங்களுக்கு மறுபடியும் நாளைக்குன்னு ஒண்ணு வந்திருக்கு," என்றார் டாக்டர்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. மாதாந்திரப் பரிசோதனைக்குப் போய் வெளிநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் ஒரு பெண் அவள் அம்மாமேல் சாய்ந்திருந்தாள். தலை வாரவில்லை. சேலை முந்தானை தரையில் கிடந்தது. அது சாந்தி என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாந்தி."

"திரும்ப வந்துருச்சுக்கா," என்றாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"மாத்திர போடலியா?"

"போட்டேன். போட்டும் வந்துருச்சு."

என் முறை வந்தது. உள்ளே போனதும் டாக்டரிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லாமல், "சாந்திக்கு ஏன் திரும்ப வந்துச்சு?" என்று கேட்டேன். இன்னொரு நோயாளியைப் பற்றிப் பேச முடியாது என்றார். பிறகு பொதுவாகச் சொன்னார். இந்த நோய் சிலருக்குத் திரும்ப வரும். சிலருக்கு வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. வந்தால் மறுபடி வைத்தியம் உண்டு.

வீட்டுக்கு வந்து படுத்தேன். சாந்தியோடு சேர்த்து என் நம்பிக்கையும் கவிழ்ந்திருந்தது. ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. மாத்திரையை மட்டும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வந்தான். வழக்கம்போலக் கீழே இஞ்சின் சத்தம் கேட்டது. மேலே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சாந்தியைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தப் புள்ளையப் பாக்க ஆளு வருதாக்கா?" என்று கேட்டான்.

"அம்மா இருக்காங்க. வேற தெரியல."

"ம்." எழுந்துகொண்டே, "சாவி ஆணியிலதான் மாட்டியிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் எதை நினைத்து அதைச் சொன்னானோ தெரியாது. எதிர்த்துப் பேச முடியாதபடி சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று முழுவதும், ஆள் வருகிறதா என்று அவன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அவளைப் பார்க்க யார் போயிருப்பார்கள்? போனவர்களும், என்னைப் பார்க்க வந்தவர்களைப் போல, ஏதோ ஓர் அல்சரைத்தானே பார்த்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் மருத்துவமனைக்குப் போய் அவளைப் பற்றி விசாரிக்கலாம் என்று சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. தெருமுனை வரைக்கும் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நெரிசலில் நின்றபோது அது வந்தது. அதே கை, அதே பிசைதல், அதே மரத்துப்போகும் விரல்கள். ஒரு ஜூஸ் கடைக்கு முன்னால் ஓரங்கட்டினேன். ஓடிப்போக வேண்டும் என்று தோன்றியதை ஓடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லண்ணே. செத்த நேரத்துல எடுத்துருவேன்."

"நில்லுங்க, நில்லுங்க. அவசரமில்ல." அவர் போய் மாதுளை உரிக்கத் தொடங்கினார். நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை ஏறியது, உச்சிக்கு வந்தது, பிறகு தானே இறங்கியது. வண்டியை எடுத்தேன்.

நான் வரிசையில் பார்த்த அன்றைக்கே சாந்தியை வார்டில் சேர்த்திருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் அம்மா வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். ஆரஞ்சுப் பழம் கொண்டுவரவில்லை, மோரும் கொண்டுவரவில்லை.

வெகுநேரம் கழித்து அவளே பேசினாள். முகத்தைத் திருப்பவில்லை.

"என்னையப் பாத்து ஒங்களுக்குப் பயம் வந்துருச்சாக்கா?"

"வந்துச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா போன தடவ இது எப்பவுமே போகாதுன்னு நெனச்சேன். அது போச்சு. இந்தத் தடவ அம்புட்டு நிச்சயமா நெனைக்க முடியல."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் தெம்பு எதுவும் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள். திரும்ப வராது என்ற நம்பிக்கையைத்தான் நான் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தேன். அது யாரிடமும் இல்லை, டாக்டரிடமும் இல்லை. சாந்தியிடம் இருந்தது அதைவிடச் சின்னது. கெட்ட நாளில் தன் மனம் சொல்வதை முழுக்க நம்பாமல் இருக்கிற அளவுக்கு மட்டுமே போதுமான ஒன்று.

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"எப்படி வந்தீங்க?"

"கார்ல."

"யாரு ஓட்டுனா?"

"நான்தான்."

"ஒங்களுக்கு நல்லாயிருச்சாக்கா?"

"இன்னைக்கு நல்லாருக்கு."

"நாளைக்கு?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியல சாந்தி. எப்படியிருந்தாலும் நாளைக்கு வாரேன்."

அவள் தலையை லேசாக அசைத்தாள். பிறகு கையை நீட்டி, என் சேலை முந்தானையை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. துணியைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். அவள் அம்மா டீ குடித்துவிட்டு வரும் வரைக்கும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.